ஓஹையோவில் வேட்டை பழக ஆசை, சொந்த நிலம் இல்லை: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி இது: கொலம்பஸ் பக்கம் எச்1பி விசாவில் வேலை. வயது முப்பத்து நான்கு. ஊரில் கவண் தவிர வேறெதையும் கையில் எடுத்ததில்லை. கூட வேலை பார்ப்பவர் கொடுத்த மான்கறியைச் சமைத்துச் சாப்பிட்டதிலிருந்து வேட்டை பழக வேண்டும் என்று ஒரு நினைப்பு. நிலம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது, விவசாயிகளிடம் எப்படி அனுமதி வாங்குவது, விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடலாமா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அதில் சறுக்கினால் வேலை, விசா எல்லாம் சேர்ந்து போய்விடும். குடியேறும் விசா அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 எல்லாமே இதில் அடங்கும். "வைத்திருப்பது" என்றால் விலைக்கு வாங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நண்பருடைய துப்பாக்கியை ஒரு மணி நேரம் ரேஞ்சில் வாங்கிச் சுடுவதும் அதில் சேரும். அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் முறைப்படி கொடுக்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. துப்பாக்கிக் கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்திலேயே இதற்கென்று ஒரு கேள்வி உண்டு. ஆகவே முதலில் வகுப்பு, அப்புறம் உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கி. வரிசையை மாற்றாதீர்கள். உரிமம் காலாவதியான அன்றே விலக்கும் போய்விடும், ஆனால் அலமாரியில் துப்பாக்கி அப்படியே இருக்கும். அதனால் புதுப்பிக்கும் தேதியை நாட்காட்டியில் இரண்டு இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. எதற்கும் உங்கள் குடியேற்ற வக்கீலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வில்லும் குறுக்குவில்லும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி ஆகாது. ஓஹையோவில் வில் பருவம் முழுவதும் குறுக்குவில்லை எடுத்துப் போகலாம். செப்டம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி ஆரம்பம் வரை ஓடும் பருவம் அது. துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம், அதற்கு மேல் கொசுறாகச் சில நாட்கள். காத்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தாலே வில்தான் லாபம். அனுமதி கேட்கும் விஷயத்திலும் குறுக்குவில் கை கொடுக்கும், அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது வகுப்பு. முதல்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். நேரிலும் படிக்கலாம், இணையத்திலும் படிக்கலாம். முடிந்தால் நேரில் போங்கள். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து வேட்டைக்காரர்கள். நமக்கு இங்கே சித்தப்பா, மாமா என்று கூட்டிப்போக யாரும் கிடையாது. அந்த இடத்தை நிரப்பப் போகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். பாடம் முடிக்கும் முன்பே ஒருமுறை காட்டைப் பார்க்க ஆசை என்றால் பயிற்சி உரிமம் என்று ஒன்று உண்டு. உரிமம் வைத்திருக்கும் 21 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாநிலத்தில் ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். மானுக்கு உரிமத்தோடு தனியாக ஒரு பெர்மிட்டும் வாங்க வேண்டும்.

இனி நிலம். நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே விலங்கு யாருடையது, நிலம் யாருடையது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். மான் மாநில மக்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதை எப்போது, எத்தனை, எந்த ஆயுதத்தால் வேட்டையாடலாம் என்று அரசு சொல்லும். ஆனால் அந்த மான் நிற்கும் சோயா வயல் ஒரு தனி மனிதருடையது. அரசு கொடுத்த உரிமம் பையில் இருந்தாலும் அந்த வயலில் கால் வைக்க அவர் சம்மதம் வேண்டும். ஓஹையோவில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். இங்கே வாய்ச்சொல்லும் போதாது, எழுத்தில் வேண்டும் என்பது சட்டம். மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் ஒரு பக்கப் படிவம் இருக்கிறது. அதை அச்செடுத்து, நிரப்பி, கையெழுத்து வாங்கி, வேட்டைக்குப் போகும்போதெல்லாம் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். வனவிலங்கு அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும்.

உடனே காரை எடுத்துக்கொண்டு கதவு தட்டக் கிளம்பிவிடாதீர்கள். முதல் வருஷத்தைப் பொது நிலத்தில் கழியுங்கள் என்பதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்வது. தென்கிழக்கே வெயின் தேசியக் காடு சுமார் 2,40,000 ஏக்கர், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. கொலம்பஸுக்கு வடக்கே டெலவேர் வனவிலங்குப் பகுதியில் சுடும் பயிற்சித் திடலும் உண்டு. நிலக்காரர்களுக்கு அரசு பணம் கொடுத்து அவர்கள் நிலத்தை வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிடும் திட்டம் ஒன்றும் 2021 முதல் நடக்கிறது. இணையத்தில் அன்றாட அனுமதிச் சீட்டு இலவசமாகக் கிடைக்கும்.

முதலில் அணில். சிரிக்காதீர்கள். நம்மூர் மூன்று கோட்டு அணில் இல்லை இது, பூனைக்குட்டி அளவுக்கு வளரும் நரி அணிலும் சாம்பல் அணிலும். செப்டம்பர் 1 தொடங்கும் பருவம், ஒரு நாளைக்கு ஆறு வரை. ஒரு .22 ரைஃபிள் போதும். அசையாமல் உட்காரவும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவும், கருவாலி (ஓக்) மரத்தடியில் உதிர்ந்த கொட்டைத் தோலைப் பார்த்து யார் வந்து போனார்கள் என்று கண்டுபிடிக்கவும் அணில் கற்றுக்கொடுக்கும். சுட்டதைத் தோலுரித்துச் சமைக்கப் பழகுவதும் இதில்தான். மிளகு தூக்கலாகப் போட்டு, குக்கரில் நாட்டுக்கோழிக்கு வைப்பதைவிட இரண்டு விசில் கூட வைத்தால் பஞ்சாகிவிடும். இதெல்லாம் ஒரு பருவம் பழகியிருந்தால், "எத்தனை வருஷமாக வேட்டைக்குப் போகிறாய்?" என்று ஒரு விவசாயி கேட்கும்போது சொல்ல உண்மையான பதில் ஒன்று இருக்கும்.

இப்போது கதவு தட்டும் கதைக்கு வருகிறேன்.

எந்த நிலம் என்று முடிவு செய்யும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் (கவுண்டி) நில வரி ஆடிட்டர் அலுவலகத்தின் தளத்தில் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தத் துண்டு யாருடையது, எத்தனை ஏக்கர், வரிச்சீட்டு எந்த முகவரிக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆன்எக்ஸ் போன்ற செயலி அதையே கைபேசியில் காட்டும், நடக்கும்போது எல்லைக்கோடும் தெரியும். வேட்டைக்காரர்கள் கண் எப்போதும் இருநூறு ஏக்கர் பண்ணை மீதுதான் போகும். அந்தப் பண்ணைக்காரரின் மச்சானும் பேரனும் ஏற்கெனவே அங்கே பரண் கட்டியிருப்பார்கள். பத்து, பதினைந்து ஏக்கரில் ஒரு ஓடை, ஓரத்தில் மரக்கூட்டம், பக்கத்தில் சோளமோ சோயாவோ உள்ள துண்டைப் பாருங்கள். குறுக்குவில்லுக்கு அது தாராளம். எனக்குக் கிடைத்த இரண்டு இடத்தில் ஒன்று பன்னிரண்டு ஏக்கர்தான்.

எப்போது போவது என்பதற்கு விவசாயம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். நாற்று நடும் நாளில் நம் தாத்தாவிடம் போய் யாராவது கிணற்றில் குளிக்கலாமா என்று கேட்டால் என்ன பதில் வருமோ, மே மாதம் விதைப்பு நடக்கும்போது இங்கேயும் அதே பதில்தான் வரும். அக்டோபரில் அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கை காட்டி நிறுத்தவே கூடாது. மிக மோசமான நேரம் துப்பாக்கிப் பருவத்துக்கு முந்தின வாரம். அந்த வாரம் கதவு தட்டுபவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேருக்கும் ஒரே பதில். பருவம் முடிந்த பிப்ரவரி, மார்ச் நல்லது. ஜூலையில் வேலை சற்று ஓயும்போதும் போகலாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், பகல் வெளிச்சத்தில். ஞாயிறு வேண்டாம், தேவாலயமும் குடும்பமுமாக இருப்பார்கள். ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் ஆமிஷ் விவசாயிகள் அதிகம், நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவச் சமூகம் அது. வீட்டுக்குள் தொலைபேசி இருக்காது என்பதால் நேரில்தான் போக வேண்டும், ஞாயிறு அவர்களிடம் போகவே வேண்டாம். அவர்களே தேர்ந்த மான் வேட்டைக்காரர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தனியாகப் போங்கள், அல்லது மனைவி, பிள்ளையோடு போங்கள். நான்கு ஆண்கள் ஒரே காரிலிருந்து இறங்கினால் எந்த வீட்டிலும் திரைச்சீலைதான் அசையும், கதவு திறக்காது. காட்டு நிறச் சட்டை வேண்டாம். வில், துப்பாக்கி எதுவும் காரில் கண்ணில் படக் கூடாது. முன்வாசல் பாதையில் வண்டியை நேராக நிறுத்தி, கதவைத் தட்டிவிட்டு நான்கு அடி பின்னால் வந்து, கைகள் தெரியும்படி நில்லுங்கள். நாய் வந்தால் ஓடாதீர்கள், நாயிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதைப் பார்த்தே பாதி பேர் இளகிவிடுவார்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். கிராமப்புற ஓஹையோவில் நம்மைப் போன்ற முகம் வந்து வேட்டைக்கு அனுமதி கேட்பது அபூர்வம். கதவு திறந்ததும் முதல் ஐந்து விநாடி முகத்தில் ஒரு குழப்பம் தெரியும், எதையோ விற்க வந்தவன் என்று நினைப்பார்கள். அதை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் பேசுவதற்கு முன்பே பெயரையும், எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதையும், எதற்கு வந்தோம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது கிட்டத்தட்ட இப்படி: "வணக்கம், என் பெயர் இது, கொலம்பஸ் பக்கத்து டப்ளினில் குடியிருக்கிறேன். இரண்டு வருஷமாகத்தான் வேட்டை பழகுகிறேன். அக்டோபரில் உங்கள் ஓடையோர மரக்கூட்டத்தில் குறுக்குவில்லோடு நான் ஒருவன் மட்டும் உட்காரலாமா என்று கேட்க வந்தேன். இப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை." பெயர், முகவரி, தொலைபேசி எண், காரின் நிறம், நம்பர் பிளேட் எண் எல்லாம் எழுதிய ஒரு அட்டையையும் கொடுப்பேன். எங்கள் தாத்தாவும் கேழ்வரகு போட்டார், காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும். பயிரைத் தின்ன வரும் மிருகத்தின் மேல் வரும் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

குறுக்குவில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நிலக்காரரின் பயங்களில் பாதி துப்பாக்கியைப் பற்றியது. மாடு இருக்கிறது, பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறது, சத்தம் கேட்கும். குறுக்குவில் முப்பது நாற்பது கெஜத்துக்குள் முடிந்துபோகும் சமாச்சாரம், சத்தமும் இல்லை. இன்னும் சின்னதாகக் கேட்க வேண்டுமா? அணிலுக்குக் கேளுங்கள். வைக்கோல் புல் வயலில் வளை தோண்டி டிராக்டர் சக்கரத்தை இறக்கிவிடும் கிரவுண்ட்ஹாக் என்ற கொறிவிலங்கைச் சுட்டுத் தருகிறேன் என்று கேளுங்கள். ஓநாய் இனத்துக் கொயோட்டிக்குக் கேளுங்கள், அதற்குப் பருவத்தடையே கிடையாது. கொம்பு மானை மகனுக்கென்று வைத்திருப்பவர்கூட கிரவுண்ட்ஹாக்குக்கு வா என்பார். ஒரு வருஷம் ஒழுங்காக நடந்துகொண்டால், அடுத்த வருஷம் "பெண் மான் இரண்டு எடுத்துக்கொள்ளேன்" என்று அவரே சொல்வார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு பயம் வழக்கு. இவன் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு நம் மேல் கேஸ் போட்டால்? இலவசமாக அனுமதி கொடுக்கும் நிலக்காரர், வேட்டைக்காரனுக்காக நிலத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை ஏற்க வேண்டியதில்லை என்று ஓஹையோவில் சட்டமே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. நீங்கள் வக்கீல் மாதிரி விளக்க வேண்டாம், அப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் படிவத்தை நீட்டுங்கள். அதற்காக விழுந்து வைக்காதீர்கள். வேட்டையில் படும் பெரிய காயங்களில் முதலிடம் பரணிலிருந்து விழுவதற்குத்தான், குண்டடிக்கு இல்லை. தினைப்புனத்துப் பரணில் நம் முன்னோர் எப்படி உட்கார்ந்தார்களோ தெரியாது, நீங்கள் உடல் முழுதும் மாட்டும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறக் கூடாது. தரையிலிருந்து கால் எடுக்கும்போதே அதை மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும்.

முடியாது என்பார்கள். கதவு தட்டத் தொடங்கிய முதல் வருஷம் நான் பதினொரு கதவு தட்டினேன். ஒன்பது பேர் மறுத்தார்கள், ஒருவர் மட்டும்தான் முரட்டுத்தனமாக. மறுத்தவரிடம் காரணம் கேட்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டு, அட்டையை மட்டும் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேளுங்கள். அப்படி அட்டை வைத்த ஒரு வீட்டிலிருந்து பதினான்கு மாதம் கழித்து அழைப்பு வந்தது. அங்கே வேட்டையாடிய மருமகன் வேறு மாநிலத்துக்குக் குடிபோயிருந்தார்.

சம்மதம் கிடைத்ததும் படிவத்தை நிரப்பும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த மூலைக்குப் போகக் கூடாது, வேறு யாருக்கு அனுமதி இருக்கிறது, மரத்தில் எதையாவது மாட்டலாமா. இதில் மரம் விஷயத்தில் கவனம். கருவாலியும் வால்நட்டும் அவருக்கு வங்கிச் சேமிப்பு மாதிரி. ஆணியோ திருகுப் படியோ அடித்தால் மரத்தின் விலை போகும், அறுக்கும் ரம்பமும் போகும். வார்ப்பட்டை போட்டுக் கட்டும் பரணையே வாங்குங்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். ஈரத்தில் வயலுக்குள் வண்டி ஓட்டாதீர்கள். கேட்காமல் இன்னொருவரைக் கூட்டிப்போவது மட்டும் மன்னிக்கப்படாத குற்றம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனரைச் சும்மா வேடிக்கை பார்க்க அழைத்துப் போனார். ஐந்து வருஷ அனுமதி அன்று மாலையே முடிந்தது. மைத்துனர் கையில் கேமரா மட்டும்தான் இருந்தது.

மான் விழுந்த பிறகு: நிலத்துக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி. குடலை எடுப்பது அவர் வீட்டு ஜன்னலிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ தெரியாத இடத்தில் நடக்கட்டும். அம்பு பட்ட மான் நூறு கெஜம் ஓடி வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுவது சகஜம். அந்த நிலக்காரரைக் கேட்காமல் எடுக்கப் போகாதீர்கள். பருவம் தொடங்கும் முன்பே பக்கத்து நிலக்காரர்களிடம் அறிமுகம் செய்துகொண்டு எண் வாங்கி வைத்திருந்தால் இருட்டில் டார்ச்சோடு திண்டாட வேண்டாம். மறுநாள் நண்பகலுக்குள் மாநிலத்துக்குத் தகவல் பதிய வேண்டும், அதை மறந்தால் நல்ல மானும் திருட்டு மானாகிவிடும்.

கறியில் ஒரு பங்கு அவருக்கு. முதுகுக்கறியைக் கொடுங்கள், எலும்போடு ஒட்டின துண்டை அல்ல. அவர்கள் மான்கறி சாப்பிடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விவசாயிகளில் சிலருக்கு அது சலித்துப்போயிருக்கும். நான் இரண்டு வருஷம் பையில் போட்டுக் கறி கொடுத்தேன், மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் வருஷம் மான் சுக்காவாகவே வறுத்து, கறிவேப்பிலை வாசத்தோடு ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். அந்த டப்பா இன்னும் திரும்பி வரவில்லை, ஆனால் தீபாவளி எப்போது என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள். கோடையில் ஒரு நாள் வேலி பழுது பார்க்கவோ, விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவோ கூடப் போய் நில்லுங்கள். அந்த வேலை நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கம்பி பிடித்துக்கொள்ள ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும்.

படிவத்தில் தேதிக்கு ஒரு இடம் உண்டு. போன வருஷம் கொடுத்தார், இந்த வருஷமும் சரி என்றுதான் இருப்பார் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். நிலம் கைமாறியிருக்கலாம், மகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். பிப்ரவரியில் பரணை அவிழ்த்து இறக்கிவிட்டு அவர் வாசலுக்குப் போகும்போது, அடுத்த பருவத்துக்கான படிவத்தைப் பேனாவோடு எடுத்துப் போங்கள்.